பேர் போட்ட வயல்

ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவில் என்ன இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்? வரப்பு இருக்கும், வரப்பில் அருகம்புல் இருக்கும், புல்லுக்கடியில் நண்டு வளை இருக்கும் என்பீர்கள், நானும் போன ஐப்பசி வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் எருக்கங்குடியில், பெரியவீட்டு வயலுக்கும் அதற்கு மேற்கே இருக்கிற கோயில் வயலுக்கும் நடுவில், ஐப்பசி இரண்டாவது வெள்ளிக்கிழமை விடியும்போது, இந்தப் பக்கம் ஒரு சாண் குறையாமல் அந்தப் பக்கம் ஒரு சாண் குறையாமல், மூணு மா நிலம், அதாவது முழுசாக ஒரு ஏக்கர், புதிதாக வந்து கணுக்கால் தண்ணீரோடு நடவுக்குத் தயாராகப் படுத்திருந்தது.

எப்படி வந்தது என்றால் பாட்டால் வந்தது. அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் பாடினது நாங்கள்தான்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு நடவுக் கூட்டம். என் சித்தி வெள்ளையம்மா, நாற்பது வருசமாக நடுகிறவள். என் நாத்தனார் அமுதவல்லி. கிழக்குத் தெரு லூர்துமேரி அக்கா. பேசவே பேசாத தனபாக்கியம். அப்புறம் நான், சூரியகலா, தொண்டை பெரிசு என்பதால் முன்பாட்டு என்னுடையது. என் வீட்டுக்காரர் வீரமணி நடவு மெஷின் ஓட்டுகிறார். மெஷின் வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, முதுகு என்னுடையது, அது எனக்குத்தான் தெரியும். மெஷின் புதைகிற சேற்றிலும் மெஷின் திரும்ப முடியாத மூலையிலும் இன்னும் நாங்கள்தான் இறங்குகிறோம், இறங்கினால் பாடுகிறோம், ஐந்து பேருக்கும் சொந்தமாக ஒரு சட்டி மண்கூட இல்லாமல் ஊர் வயலையெல்லாம் பாடிப் பாடி நட்டு முடிக்கிறோம்.

எங்கள் பாட்டுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசிச் சுற்றில் முன்பாட்டுக்காரி, இது யாரு வயலு என்று கேட்க வேண்டும், பின்பாட்டுக்காரிகள் அந்த வயல்காரர் பேரைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் குலவை. பேர் போடாமல் குலவை விடக்கூடாது, குலவை விடாமல் கரையேறக் கூடாது. வெற்றிலைத் தட்டைக் கொடுத்து யார் எங்களைக் கூப்பிடுகிறார்களோ அவர் பேர்தான் பாட்டில் வரும், அதில் பெரியவர் சின்னவர் பேதம் இல்லை.

இந்தப் பாட்டைத்தான் கோகுல் தம்பி பதிவு செய்ய வேண்டும் என்று வந்தான். திருவாரூரில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் அவன் ஒலிப்பதிவு அறை, சுவரெல்லாம் பஞ்சு, நடுவில் மைக். எங்களை வரிசையாக நிற்கவைத்து, பாடுங்கக்கா என்றான். ஒருத்திக்கும் குரல் வரவில்லை. நிமிர்ந்து நின்று நாங்கள் என்றைக்குப் பாடினோம்? கடைசியில் வெள்ளையம்மா சித்திதான் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குனிந்தாள், குனிந்ததும் குரல் வந்தது, நாங்களும் குனிந்தோம், கோகுல் மைக்கை முழங்கால் உயரத்துக்கு இறக்கினான், பாட்டு கிளம்பியது. கிளம்பியதும் நாங்கள் பின்னால் நகர ஆரம்பித்துவிட்டோம். நடுகிறவள் பின்னால்தானே நடப்பாள், அப்படியே நகர்ந்து நகர்ந்து பஞ்சுச் சுவரில் போய் முட்டிக்கொண்டோம், மைக் அங்கே தனியாக நின்றது.

"அக்கா, எங்க போறீங்க?" என்றான் கோகுல்.

"நட்ட எடத்துலயே நிக்கச் சொல்றியா? நாத்து மிதிபடாதா?" என்றாள் சித்தி.

அதற்கப்புறம் மைக்குக்கு அடியில் சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்றைக் கட்டி, கோகுல் மண்டியிட்டுத் தள்ளிக்கொண்டே வர, நாங்கள் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நட்டோம். ஏழு மாதத்து என் மகள் ஓவியா தவில் பெட்டிக்குள் தூங்கினாள், நடுவில் எழுந்து அழுதாள், பால் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்தேன். எல்லாம் சரியாகப் போய்க் கடைசிச் சுற்று வந்தது, இது யாரு வயலு என்று கேட்டேன், பின்னால் சத்தமே இல்லை. திரும்பினால் நாலு பேரும் முழிக்கிறார்கள். வயலே இல்லாத இடத்தில் யார் பேரைப் போடுவது?

"அந்த எடத்தை வெறுமையா விட்டுடுங்கக்கா, நான் புல்லாங்குழல் போட்டுக்கிறேன்" என்றான் கோகுல்.

"புல்லாங்குழல்காரன் பேரா போடறது?" என்று சித்தி கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றாள். "யாரு வெத்தலை வெச்சுக் கூப்பிட்டா, நாமளா வந்தோம். நம்ம பேரையே போடுங்கடி. கேக்க யாரு இருக்கா?"

கேட்க யாரும் இல்லைதான். நான் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள், வெள்ளையம்மா வயலு, லூர்துமேரி வயலு, தனபாக்கியம் வயலு, அமுதவல்லி வயலு, சூரியகலா வயலு. சொல்லும்போது எங்களுக்கே சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது, கேட்டால் தெரியும். பிறகு குலவை.

பாட்டு அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லார் போனிலும் வெளியாகும் என்று கோகுல் சொல்லியிருந்தான். ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் போனில் வந்தது, டீக்கடைப் பெட்டியில் வந்தது, ஆறே காலுக்குப் பெரியவீட்டுக் காவல்காரர் ஓடிவந்து, வயக்காட்டில் ஒரு வயல் அதிகமாக இருக்கிறது என்றார்.

ஊரே போய் நின்று பார்த்தது. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, ஐப்பசி மாதம், அவரவருக்கு அவரவர் நடவு. பெரியவீட்டுக்காரர் தன் வயலைக் கயிறு பிடித்து அளந்தார், சரியாக இருந்தது. கோயில் தர்மகர்த்தா அளந்தார், சரியாக இருந்தது. நடுவில் இருந்ததை அளக்கத்தான் யாராலும் முடியவில்லை, ஏனென்றால் கிழக்கு வரப்பிலிருந்து காலைத் தூக்கி உள்ளே வைத்தால் அந்தக் கால் மேற்கே கோயில் வயலில் போய் விழுந்தது. நாங்கள் ஐந்து பேர் இறங்கினால் மட்டும் சேறு எங்கள் காலைப் பிடித்துக்கொண்டது, குளிர்ச்சியாக, ஒரு களைப் புல்கூட இல்லாமல்.

அன்றைக்கே நட்டோம். மிச்ச நாற்றைப் பெரியவீட்டுக்காரரே கொடுத்தார், அதிசயத்துக்கு நாற்று இல்லை என்று சொன்னால் நாளைக்கு ஊர் என்ன பேசும் என்று அவருக்குப் பயம்.

மற்றதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. மேலத்தெருப் பிள்ளைகள் அதைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டார்கள், ஒரே எட்டில் ஒரு ஏக்கரைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கால்மணி நேரம் முன்னாலேயே போய் நின்றார்கள். பால்காரர் சைக்கிளின் முன்சக்கரம் கிழக்கிலும் பின்சக்கரம் மேற்கிலும் மாட்டிக்கொண்டு ஒருநாள் தவித்தார். வாத்து மேய்க்கிறவரால் உள்ளே வர முடியவில்லை, வாத்துகள் மட்டும் யார் பேரையும் கேட்காமல் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. பஸ் கண்டக்டர், புது வயல் இறங்கு என்று கூவ ஆரம்பித்தார். என் வீட்டுக்காரருக்குத்தான் கொஞ்சம் முகம் சுருங்கியது.

"ஊரு வயலெல்லாம் என் மெஷின் எறங்குது, பொண்டாட்டி வயல்ல மட்டும் எறங்கமாட்டேங்குது. பாட்டுல என் பேரையும் போட்டிருந்தா என்ன?"

"உங்க வீட்டுப் பத்திரத்துல என் பேரைப் போட்டீங்களா? அப்ப நான் கேட்டனா?" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஓவியாவைத் தூக்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டார், நாங்கள் களை எடுத்து முடிக்கிற வரைக்கும்.

ஒரு தப்பு செய்தோம், அதில்தான் வயலின் சங்கதி எங்களுக்குப் புரிந்தது. மார்கழியில் பள்ளி ஆண்டு விழாவில் பாடக் கூப்பிட்டார்கள், தலைமையாசிரியை வெற்றிலைத் தட்டு கொடுத்தார், வழக்கப்படி அவர் பேரைப் போட்டோம், இருநூறு பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். மறுநாள் காலையில் வடமேற்கு மூலையில் இரண்டு சென்ட் அளவுக்கு எங்கள் கால் உள்ளே போகவில்லை. டீச்சர் வந்து கால் வைத்தார், உள்ளே போயிற்று. நாங்கள் ஒன்பது தடவை எங்கள் பேரைப் பாடிப் பார்த்தோம், திரும்பி வரவில்லை. ஒரு தடவை கூட்டத்தின் வாயால் போட்ட பேர் போட்டதுதான், வாய் எத்தனையோ அத்தனை நிலம். டீச்சர் நல்லவர், அந்த மூலையில் சத்துணவுக்குக் கீரை போட்டார். ஆனால் எல்லாரும் கீரை போடுகிறவர்களாக இருப்பார்களா?

தை பிறந்ததும் கோதண்டபாணி வந்தார். வயலை வாங்கி மனைப்பிரிவு போட்டு விற்கிறவர், வெள்ளைக் காரில் வந்து இறங்கி, எங்கள் வயலில் கிழக்கே கால் வைத்து மேற்கே மூன்று தடவை விழுந்தார், மூன்று தடவையும் சிரித்துக்கொண்டே எழுந்தார், பேன்ட்டில் இருந்த சேற்றைத் தட்டிக்கொண்டே, இடம் நல்லாயிருக்கு என்றார். பிறகு ஊரில் விசாரித்தார். டீச்சர் மூலையை நின்று பார்த்தார். பார்த்துவிட்டுப் போய், சென்னையில் நாட்டுப்புறப் பாட்டுக்காரர்களையெல்லாம் சேர்த்து ஒரு பெரிய நிகழ்ச்சி நடக்கிறதல்லவா, அதன் செலவு முழுவதையும் தான் ஏற்பதாகச் சொல்லிவிட்டார். அவர் ஆள் வெற்றிலைத் தட்டோடு வந்தபோது வீட்டில் அமுதவல்லி மட்டும்தான் இருந்தாள். சென்னை என்றதும் இரண்டு கையாலும் வாங்கி வைத்துவிட்டாள்.

"யார் குடுத்ததுன்னு கேட்டியாடி?" என்று நான் கேட்டேன்.

"பேரு சொன்னாங்க அண்ணி. பெரிய பேரா இருந்துச்சு. ஏசி வேன்லாம் வரும்னாங்க."

அதே வாரம் வி.ஏ.ஓ. பொன்னுரங்கம் சாரும் வந்தார். யார் நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார்கள் என்று அடங்கல் எழுதுகிறவர். ஐப்பசியிலிருந்து அவர் எங்கள் வயலைப் பார்க்காத மாதிரியே சைக்கிளில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், இப்போது கதிர் சாய்ந்து தங்கமாக நிற்கும்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"சர்வே நம்பர் நூத்திப் பன்னெண்டு இருக்கு, நூத்திப் பதிமூணு இருக்கு, நடுவுல இது இருக்கு. நான் எழுதித்தான் ஆகணும்மா. ஆனா பாட்டைக் கேட்டு எழுத முடியாது. வர்ற திங்கக்கிழமை காலைல வர்றேன். அன்னைக்கு யார் கால் உள்ள நிக்குதோ அவங்க பேரை எழுதுறேன். எழுதிட்டா அப்புறம் மாத்த என்னால ஆகாது."

நிகழ்ச்சி சனிக்கிழமை. ஐயாயிரம் பேர் வருவார்கள் என்றான் கோகுல். இருநூறு பிள்ளைகளுக்கு இரண்டு சென்ட் என்றால் ஐயாயிரம் வாய்க்கு எவ்வளவு என்று எனக்குக் கணக்குத் தெரியும், எட்டாவது வரை படித்திருக்கிறேன். வயலில் பாதி போகும், மிச்சத்துக்கும் அவரே வேலி கட்டி நம்மை உள்ளே விடமாட்டார். அறுப்புக்குப் பத்து நாள் இருந்தது.

போகாமல் இருந்துவிடலாம் என்றேன். வெள்ளையம்மா சித்தி ஒத்துக்கொள்ளவே இல்லை.

"வெத்தலை வாங்கியாச்சு. நாப்பது வருசத்துல வெத்தலை வாங்கிட்டுப் போகாம இருந்தவ இல்ல நான். போயிட்டுப் பேர் போடாம வந்தவளும் இல்ல."

"வயலு போயிடும் சித்தி."

"போனாப் போகட்டும். நேத்து வந்தது. வாக்கு நேத்து வந்ததா?"

வேனில் ஆறு மணி நேரமும் இதே பேச்சுதான். அமுதவல்லி தன்னால்தான் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள், லூர்துமேரி அக்கா ஜெபமாலை உருட்டினாள், ஓவியா எல்லார் மடியிலும் மாறி மாறிப் படுத்தாள். பேசவே பேசாத தனபாக்கியம் விழுப்புரம் தாண்டும்போது வாயைத் திறந்தாள்: "அந்த வயல்ல நான் செருப்பைக் கழட்டி வரப்புல வெச்சேன். என் வயலு, என் வரப்புன்னு வெச்சேன்." அவ்வளவுதான் சொன்னாள்.

சாயங்காலம் ஐந்து மணி, வெயில் இருக்கும்போதே எங்கள் முறை வந்தது. எங்களுக்கு முன்னால் பாடின ஊர்க்காரர்கள் எல்லாம் என்ன பாட்டுப் பாடினார்கள் தெரியுமா, உப்பளத்துப் பாட்டு, வண்டிப் பாட்டு, மலையில் ஆடு மேய்க்கிறவர் பாட்டு, எல்லாம் இந்த வருசம் வெளியான புதுசு, கேட்கக் கேட்க மயிர்க்கூச்செறிந்தது. மேடையில் எங்களுக்காக மைக்கை முழங்காலுக்கு இறக்கி, சக்கரம் பூட்டி வைத்திருந்தான் கோகுல். முன்வரிசை சோபாவில் கோதண்டபாணி பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார், மேடை ஏறும்போது அவர் ஆள் என் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தான், அதில் அவர் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. எழுதிக் கொடுக்கத் தேவையே இல்லை, வேனில் ஆறு மணி நேரம் அந்தப் பேரைத்தான் மென்றுகொண்டு வந்திருந்தோம்.

புடவையைச் சொருகினோம், குனிந்தோம், கிளப்பினேன்.

*தண்ணி வந்து தவழுதடி தாழ வயலு மேல,
நண்டு வந்து பாக்குதடி நாத்து முடி கீழ*

என்று நான் எடுக்க, பின்னால் நாலு குரலும் சேர, கோகுலின் மேளமும் அவன் கூட்டிவந்த தவில்காரப் பெண்ணின் அடியும் சேர, நாங்கள் பின்னால் பின்னால் நகர, மைக் எங்களோடு உருண்டு வர, அந்த மேடை மேடையாக இல்லை, பலகைக்கடியில் ஈரம் ஊறி வருவது என் உள்ளங்காலுக்குத் தெரிந்தது, முன்வரிசைக்காரர்கள் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தேன், பின்வரிசைக்காரர்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டுவதைப் பார்த்தேன், ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

கடைசிச் சுற்று வந்தது. கேட்க வேண்டியது நான். என் பின்னால் சித்தி அந்தப் பேரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாள், அவள் வாக்கு அவளுக்கு. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. முன்பாட்டுக்காரி கேட்க வேண்டும் என்பது வழக்கம். யாரைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று வழக்கத்தில் ஒன்றுமே இல்லை, வயலில் கேட்க வேறு ஆள் இல்லாததால் நாங்கள் எங்களையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

மைக்கைச் சக்கரத்தோடு அவர்கள் பக்கம் திருப்பினேன். அந்த ஐயாயிரம் பேரைப் பார்த்துக் கேட்டேன்.

*இது யாரு வயலு? இது யாரு வயலு?*

தெரியாத ஊர், தெரியாத ஜனம், இவர்கள் வாயில் என்ன வரும் என்று யார் கண்டது. பிறகு வலது கோடியில் ஒரு பெண்பிள்ளை குரல் ஆரம்பித்தது, அதற்குள் நடுவில் பிடித்துக்கொண்டார்கள், அதற்குள் எல்லாரும். மூன்று மாதமாகப் பஸ்ஸிலும் சமையல் கட்டிலும் ஆபீஸ் போகிற வழியிலும் இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருந்தவர்கள், ஒரு பேர் மாறாமல், ஒரு வரிசை மாறாமல், பதிவில் நாங்கள் சிரித்த இடத்தில் அவர்களும் சிரித்து,

*வெள்ளையம்மா வயலு, லூர்துமேரி வயலு, தனபாக்கியம் வயலு, அமுதவல்லி வயலு, சூரியகலா வயலு*

என்று பாடி, எங்களுக்கு முன்னால் அவர்களே குலவையும் விட்டார்கள், ஆம்பிளைகளும் சேர்ந்து, சரியாக வரவில்லை, ஆனாலும் விட்டார்கள்.

சித்தி பின்னால் அப்படியே நிமிர்ந்து நின்றாள். வாயில் வைத்திருந்த பேரை விழுங்கிவிட்டாள். "யாருடி இவங்கல்லாம்? என் பேரு இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என் முந்தானையைப் பிடித்துக் கேட்டாள். "பாட்டுலதான் சித்தி" என்றேன்.

கோதண்டபாணி மேடைக்குப் பின்னால் வந்தார். பட்டு வேட்டி முழங்கால் வரை சேறு. கோபப்படவில்லை, வியாபாரி.

"வெத்தலை வாங்கினீங்களேம்மா."

"வாங்கினோம், வந்தோம், பாடினோம், யாரு வயலுன்னு கேட்டோம்" என்றாள் சித்தி. "ஊரு சொல்லிருச்சு. நாங்க ஊரு சொல்றதுக்கு மேல போறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிற வழி முழுக்க வேனில் தூங்கினோம். திங்கட்கிழமை காலையில் ஊரே வரப்பில் நின்றது, என் வீட்டுக்காரர் ஓவியாவைத் தோளில் வைத்திருந்தார், டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். பொன்னுரங்கம் சார் அடங்கல் நோட்டைச் சைக்கிள் சீட்டில் விரித்துக்கொண்டார். கோதண்டபாணியின் ஆள் ஒருவன் முதலில் கால் வைத்துப் பார்த்தான், மேற்கே போய் விழுந்தான். பிறகு நாங்கள் இறங்கினோம். ஐந்து பேர் காலும் நின்றது, கதிர் இடுப்பில் உரசியது, டீச்சரின் கீரை மூலையைத் தவிர வரப்பு முதல் வரப்பு வரை நடந்து காட்டினோம், தனபாக்கியம் இரண்டு தடவை நடந்தாள்.

சார் பேனாவைத் திறந்தார். "பேரு, தகப்பனார் அல்லது கணவர் பேரு" என்றார்.

"பாட்டுல தகப்பனும் இல்ல, கணவரும் இல்ல சார். எங்க பேரு மட்டுந்தான்" என்றேன்.

அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார், வரப்பில் நின்ற ஊரைப் பார்த்தார், அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டத்துக்கு வந்தார். நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேரைச் சொல்ல ஆரம்பித்தோம், சொல்லச் சொல்ல அது தானாகவே ராகத்தில் ஏறிவிட்டது, வரப்பில் நின்ற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள், சார் இரண்டு எழுத்து எழுதுவதற்குள் நாங்கள் மூன்றாவது பேருக்குப் போயிருந்தோம். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"அம்மா, முதல்லேருந்து இன்னொரு தடவை பாடுங்க, கொஞ்சம் மெதுவா. ஒரு எழுத்துக்கூட விட்டுடாம எழுதணும்."